புதுப்பிப்பு: கொரோலாவுக்குப் பழைய இன்ஜின், அந்த யார்டில் வாங்கவில்லை

சூடேறி ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்துபோன என் 1.6 லிட்டர் டொயோட்டா கொரோலா காருக்கு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒரு ஸ்கிராப் யார்டில் 'ஜப்பான் இறக்குமதி, ஓட்டம் குறைவு' என்ற இன்ஜினை வாங்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள் என்றீர்கள். போனோம்.

வெளியே பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். மெக்கானிக் மாமாவுக்கு அதுவே பிடிக்கவில்லை, ஆயில் கசிந்த இடம் தெரியாமல் போய்விடுமாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் டீ நிறத்தில் பிசுக்கு. தண்ணீர் கலந்திருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்ததில் மூன்று சிலிண்டர் 170 பிஎஸ்ஐ பக்கம், ஒன்று மட்டும் 110. அதையும் விடுங்கள், பிளாக்கில் இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம்! இங்கே இன்ஜின் மாற்றினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, வண்டிப் பதிவில் புது நம்பரை ஏற்ற வேண்டும். நம்பரே இல்லாததை எந்த ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டுவது?

கேட்டால் 'ஃபுட்ஸ்டூட்ஸ்', இருக்கிறபடிதான் விற்பனை என்றார் யார்டுக்காரர். இங்குள்ள 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரியின் அந்தப் பேச்சு செல்லாது. இன்ன குறை என்று தெளிவாகச் சொல்லி நாம் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். ஆனால் பில்லே தராதவரிடம் எதைக் காட்டித் திருப்புவது?

கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், பின்பக்கம் மோதிய வண்டி ஒன்றின் இன்ஜின் அமைந்தது. வண்டியிலேயே ஓடவிட்டுக் காட்டினார்கள், நம்பரைப் பில்லில் எழுதித் தந்தார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போட்டு அடுத்த வாரம் ஏற்றுகிறோம்.