நவகிரக சன்னதியில் நீங்கள் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

காவிரிக்கரை:

நவகிரகங்களை நாம் சுற்றுகிற அளவுக்குப் பார்ப்பதில்லை. விளக்கைப் போட்டோமா, ஒன்பது சுற்று சுற்றினோமா, கிளம்பினோமா என்று போய்விடுகிறோம். ஆனால் அந்த ஒன்பது பேரின் நிறம், தானியம், வாகனம், நிற்கிற திசை எல்லாமே யோசித்து வைத்தவை. அதில் ஏதாவது ஒன்று உங்களுக்குச் சட்டென்று விளங்கிய அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். ஜாதகம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், அதற்கு வேறு திரி இருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். குருபெயர்ச்சி சமயம். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தட்சிணாமூர்த்தி முன்னால் பெரிய வரிசை. ஓர் அம்மா கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துண்டும் நீட்டினார். வயதான குருக்கள் வாங்கவில்லை.

“யாருக்கும்மா இது?”

“குருபகவானுக்குத்தான் சாமி. பொண்ணுக்கு வரன் அமையணும்.”

“அப்போ அங்க கொண்டு போங்கோ” என்று நவகிரக மேடைப் பக்கம் கையைக் காட்டினார். “இவர் சிவன். தெற்கு பார்த்து ஆலமரத்தடியில உட்கார்ந்து, வாயே திறக்காம சனகாதி முனிவர்கள் நாலு பேருக்கும் பாடம் சொல்றவர். அங்க நிக்கறவர் பிரகஸ்பதி, தேவர்களுக்கு வாத்தியார். ரெண்டு பேரும் குருதான், ஆனா வேற வேற ஆளு.”

அன்றைக்குத்தான் நான் இரண்டு சிலைகளையும் மாறி மாறி நின்று பார்த்தேன். ஒருவர் காலடியில் முயலகன், கையில் சின்முத்திரை. அறியாமையை மிதித்துக்கொண்டு மௌனமாக இருப்பவரிடம் ஞானத்தைக் கேட்கலாம். கல்யாணம், குழந்தை, காசு பணம் இதெல்லாம் இந்திரனுக்கே யோசனை சொன்ன வியாழனிடம் கேட்க வேண்டியவை. ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியே குருபகவானாக வழிபடப்படுகிறார், அது அந்தத் தலத்து மரபு. அதை எல்லா ஊருக்கும் பொதுவாக்கிவிட்டதில்தான் குழப்பம் வந்தது என்பது என் எண்ணம். அந்த அம்மா முகம் சுளிக்காமல் போய் வியாழனுக்கு மாலையைச் சாத்திவிட்டு வந்தார்.

வான்பார்வை:

நான் கோயிலில் கண்டதில்லை, மொட்டை மாடியில் கண்டது. பரவாயில்லையா?

என்னிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. 2025 கடைசியில் சனியின் வளையம் ஊசி கணக்காக மெலிந்து தெரிந்தது. வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியிருந்த காலம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஏழரைச் சனிக்கு எள் விளக்கு போடுகிறவர், கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கவே மாட்டார், பக்கவாட்டில் நின்றுதான் கும்பிடுவார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“இத்தனூண்டு இருக்காரே! என்ன அழகு! இவரையா நேருக்கு நேர் பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன்?”

அப்புறம் கணக்கைச் சொன்னேன். சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகும். பன்னிரண்டு ராசிக்கும் பிரித்தால் ராசிக்கு இரண்டரை வருஷம். நம் ராசிக்கு முந்தையது, நம் ராசி, அடுத்தது, மூன்றும் சேர்ந்தால் ஏழரை. பாட்டி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். “அப்போ என் கல்யாணத்தப்போ இருந்த எடத்துக்கே ரெண்டாந்தடவை வந்துட்டாரா?” என்றார். ஆமாம் பாட்டி என்றேன். “முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லைன்னு எங்கப்பா சொல்வார். கணக்கு பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க” என்றார்.

சனிக்குக் கால் ஊனம் என்ற கதையை அதன்பிறகு நான் வேறு மாதிரி படிக்கிறேன். மகன் இந்திரஜித் பிறக்கும்போது எல்லாக் கிரகமும் ஜாதகத்தில் லாபம் தரும் பதினோராம் இடத்தில் நிற்க வேண்டும் என்று ராவணன் கட்டளையிட்டான், சனி மட்டும் நஷ்டம் தரும் பன்னிரண்டில் காலை நீட்டினார், ராவணன் அந்தக் காலை வெட்டினான் என்பார்கள். வெறும் கண்ணால் தெரிகிற கிரகங்களில் மிக மெதுவாக நகர்வது சனி. வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்த யாரோ அந்த நடையைக் கண்டு, அதற்கு ஒரு காலும் ஒரு கதையும் கொடுத்திருக்கிறார்கள். யார் மிரட்டினாலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காதவர் என்று அந்தக் கதையே சொல்கிறது. எனக்கு அவர்மேல் பயம் போய் மரியாதை வந்துவிட்டது.

அடாணா:

வான்பார்வை, அருமை. நான் பாட்டு வழியாக வந்தவள். முத்துசுவாமி தீட்சிதர் ஏழு கிழமைகளின் கிரகங்களுக்கும் ஏழு கிருதிகள் செய்தார், ஏழும் ஏழு வெவ்வேறு தாளம். சீடர் தம்பியப்பனின் வயிற்று வலி தீர வியாழன் மேல் பாடியதுதான் தொடக்கம் என்பார்கள். அது அடாணா, நிமிர்ந்து நிற்கிற ராகம். சனிக்கு யதுகுல காம்போதி. அந்த ராகத்தை அவசரமாகப் பாட வராது, நான் முயன்றிருக்கிறேன். சனிக்கு அதைக் கொடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உளிச்சத்தம்:

எங்கள் குடும்பம் சிற்ப வேலை. ராகு, கேதுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

அமுதம் பரிமாறும்போது வரிசையில் புகுந்த அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள், மோகினியாக வந்த திருமால் தலையை வெட்டினார், அமுதம் உள்ளே போய்விட்டதால் இரண்டு துண்டும் பிழைத்துக்கொண்டது. தலைக்குப் பாம்பு உடல் வந்தது, ராகு. உடலுக்குப் பாம்புத் தலை வந்தது, கேது. நம் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் செதுக்குவோம். ராகுவுக்கு வாய் உண்டு, எவ்வளவு விழுங்கினாலும் வயிறு இல்லை, ஆசை அடங்காது. கேதுவுக்கு மனிதத் தலை இல்லை, ஆசைப்பட ஒன்றும் இல்லை. அதனால்தான் அவரை ஞானகாரகன், அதாவது ஞானத்தைத் தருபவர் என்கிறார்கள் என்று அப்பா எனக்கு விளக்கியது கேதுவின் படத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டே.

பின்னாளில் ஒடிசாவில் இருக்கும் கோனார்க் போனேன். 13ஆம் நூற்றாண்டுச் சூரியன் கோயில். முக மண்டபத்தின் கிழக்கு வாசலுக்கு மேலே இருந்த நவகிரகக் கல்லைப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். அதை கல்கத்தாவுக்குக் கொண்டு போக நினைத்து, பாரம் குறையட்டும் என்று நீளவாக்கில் அறுத்தும் கொஞ்ச தூரத்துக்கு மேல் நகர்த்த முடியாமல் 19ஆம் நூற்றாண்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றும் பூஜை நடக்கிறது. அங்கே கேதுவுக்கு மனித முகமும் மேலுடம்பும் இருக்கின்றன, கீழேதான் பாம்பு வால்! ராகு பாதி உருவம்தான், பல் தெரிய முறைக்கிறார். வியாழனுக்குத் தாடி. நான் படித்த பாடமே கலைந்துவிட்டது போல நின்றேன். யோசித்தால் கதையும் வெட்டும் ஒன்றுதான், எந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்பதில் அந்தந்த ஊர்ச் சிற்பியின் கை பேசுகிறது.

எருக்கிலை:

எல்லாரும் ஒவ்வொரு கிரகமாக எடுத்துக்கொண்டீர்கள். என் மனதில் நின்றது ஒன்பது பேரும் சேர்ந்து அவதிப்பட்ட கதை. ஆடுதுறை பக்கம் சூரியனார்கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார்.

காலவ முனிவர் தனக்குத் தொழுநோய் வரப்போவதை அறிந்து கிரகங்களைத் தவம் இருந்து கேட்டார். அவர்களும் மனமிரங்கி வராது என்று வரம் கொடுத்துவிட்டார்கள். பிரம்மாவுக்குக் கோபம். வினைப்பயனைக் கொண்டு சேர்ப்பதுதான் உங்கள் வேலை, தள்ளுபடி செய்ய யார் சொன்னது என்று அந்த நோயை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். ஒன்பது பேரும் பூமிக்கு வந்து, எருக்கிலையில் தயிர்சோறு வைத்துச் சாப்பிட்டு, பக்கத்துத் திருமங்கலக்குடியில் பிராணநாதர் என்ற பெயரில் இருக்கும் சிவனை வணங்கித் தேறினார்கள்.

கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போனால், நடுவில் இரண்டு கையிலும் செந்தாமரையோடு சூரியன். எதிரே குரு. சுற்றிலும் தனித்தனிச் சன்னதியில் மற்றவர்கள், வாகனம் எதுவும் இல்லாமல். நான் அதுவரை கிரகங்களைத் தண்டிக்கிற அதிகாரிகளாகத்தான் நினைத்திருந்தேன். இரக்கப்பட்டதற்காகத் தண்டனை வாங்கியவர்கள் என்று தெரிந்ததும், பெயர்ச்சி வருகிறதே என்ற நடுக்கம் எனக்குப் பாதியாகக் குறைந்தது.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். முதலில் பக்கத்தில் இருக்கும் திருமங்கலக்குடி போய்ப் பிராணநாதரையும் மங்களாம்பிகையையும் வணங்கிவிட்டு, பிறகு சூரியனார்கோயில் வருவதுதான் முறை. இரண்டும் கூப்பிடு தூரம்தான். அப்படியே கஞ்சனூர் சுக்கிரனையும் பார்த்துவிடலாம், அதுவும் அருகில்தான்.