அலாரம் அடித்தால் மாணவிகள் குழந்தையைப் பார்க்காமல் பட்டனை அமுக்குகிறார்கள். என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங்கில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: நர்சிங் டியூட்டர், திருநெல்வேலி

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளை என்ஐசியூ போஸ்டிங்குக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு பேட்சுக்கு எட்டுப் பேர், இரண்டு வாரம். குழந்தைக்குச் சூடு தரும் வார்மர், திரவத்தை அளவாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப், மூச்சுக்கு உதவும் சி-பாப் எல்லாம் வகுப்பில் படம் போட்டு நடத்திவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதுகிறார்கள். ஆனால் போன வாரம் நடந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நாப்கின் மாற்றும்போது ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து ஸ்கின் ப்ரோப் (தோலின் சூட்டை அளந்து வார்மருக்குச் சொல்லும் சென்சார்) கழன்று வார்மருக்கு வெளியே தொங்கிவிட்டது. அலாரம் அடித்தது. பக்கத்தில் நின்ற மாணவி சத்தத்தை நிறுத்திவிட்டுச் சார்ட்டில் நேரத்தைக் குறித்தாள். குழந்தையைத் தொடவே இல்லை. நான் போய்ப் பாதத்தைத் தொட்டால் சுடுகிறது, அக்குளில் 38.1. உடனே ப்ரோபை ஒட்டிச் சரிசெய்தோம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் நல்ல மாணவி, அன்று முழுக்க அழுதாள். நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு. வார்டில் வேலை பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: என்ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

மேடம், வார்மரைப் படத்தில் நடத்தினால் மண்டையில் ஏறாது. காலியாக இருக்கும் வார்மர் ஒன்றை ஆன் செய்து, அந்தத் தப்பை அவர்கள் கையாலேயே செய்யவிடுங்கள்.

நான் ஒரு கிளவுஸில் 37 டிகிரித் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு மெத்தையில் வைப்பேன். அதுதான் குழந்தை. ப்ரோபை மேலே ஒட்டி ஸ்கின் மோடில் (ப்ரோப் காட்டும் சூட்டுக்கு ஏற்ப ஹீட்டர் தானே ஏறி இறங்கும்) 36.5 வைத்தால், பேனலில் ஹீட்டர் கோடுகள் கீழே இறங்கிவிடும். இப்போது ஒரு மாணவியை ப்ரோபைப் பிய்த்து வெளியே தொங்கவிடச் சொல்வேன். குழந்தை குளிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வார்மர் முழு மூச்சாக எரியும். கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் கையைக் கீழே நீட்ட வேண்டும். புறங்கையில் அந்தச் சூடு பட்டவள் பிறகு ப்ரோபை மறக்கமாட்டாள். குழந்தை ப்ரோபின் மேலேயே படுத்துவிட்டால் நேர் எதிராக நடக்கும்: ப்ரோப் சூடு காட்டும், ஹீட்டர் தணியும், குழந்தை குளிரும்.

ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். வெந்நீர்க் கிளவுஸ் பாடத்துக்கு மட்டும்தான். குழந்தை பக்கத்தில் அதை வைக்கவே கூடாது, தண்ணீர் சூடு கூடிப்போனால் தோல் வெந்துவிடும்.

அலாரம் அடித்தால் எங்கள் வார்டில் கண்ணும் கையும் முதலில் குழந்தைமேல். ஒரு கை வயிற்றில், ஒரு கை பாதத்தில். வயிறு கதகதப்பாக, பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தால் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ப்ரோப். பட்டன் கடைசியில்தான்.

சி-பாப்பையும் இப்படியே தொட்டுப் பார்க்கவிடலாம். பயிற்சிக்கென்று தனி சர்க்யூட் வைத்து, காற்று வெளியேறும் குழாயைத் தண்ணீரில் 5 செ.மீ. இறக்கி, பிராங்ஸை (மூக்கில் வைக்கும் குழல் முனைகள்) விரலால் அடைக்கச் சொல்லுங்கள். குமிழி வரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்பது அதோடு புரிந்துவிடும்.

பதில்: பயோமெடிக்கல் இன்ஜினியர், கோவை

சிரிஞ்ச் பம்பை விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ குழந்தைக்கு நாளுக்கு 80 மி.லி. என்றால் மணிக்கு 3.3. புள்ளி விட்டுப்போய் 33 என்று அமுக்கினால், பத்து மணி நேரத்துக்கான திரவம் ஒரே மணியில் உள்ளே போய்விடும். இன்னொன்று, சிரிஞ்சின் அளவு, கம்பெனி இரண்டையும் பம்பில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பம்பு பிளஞ்சரை (சிரிஞ்சின் தள்ளுதண்டு) தள்ளும் தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. உள்ளே எவ்வளவு போனது என்று அது அளப்பதில்லை. வேண்டுமென்றே தப்பான சிரிஞ்சைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரம் அளவுக் குழாயில் ஓடவிட்டுக் காட்டுங்கள்.

பதில்: புதிதாக வேலையில் சேர்ந்த ஸ்டாஃப்

மேடம், மாணவியாக இருந்தபோது நானும் சத்தத்தைத்தான் நிறுத்துவேன். எதையும் தொடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அலாரம் அடித்தால் நம்மால்தானோ என்று நெஞ்சு படபடக்கும். குழந்தையைத் தொடலாம், தொட்டே ஆக வேண்டும் என்று ஸ்டாஃப் அக்காக்கள் முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

சிஸ்டர், நேற்றுக் கிளவுஸ் பாடம் நடத்தினேன். இன்சார்ஜ் சிஸ்டரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தொடலாம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். அன்று அழுதவளைத்தான் ப்ரோபைப் பிய்க்கச் சொன்னேன். கோடுகள் மேலே ஏறும்வரை கையை எடுக்கவே இல்லை. "இவ்வளவு சூடா மேடம்" என்று மட்டும் கேட்டாள்.

பம்பு பாடம் புதன்கிழமை. 20 மி.லி. சிரிஞ்சில் ஆரம்பிக்கவா, 50-லா, சார்?