60 ஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு 125 எதுக்காம்?

அக்கரைப்பற்று_காக்கா:
கல்லடியில ஒருத்தர் நேற்று எழுதியிருந்தார்: "கோல் ஆஃப் டியூட்டி 4 எண்ட சுடுற கேம்ல ஃபிரேம் (கேம் செக்கனுக்கு வரையிற படம்) 125 வைக்கிறது சும்மா பந்தா, 60 ஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு 60 போதும்." வாசிச்சுப்போட்டு ராவு நித்திரை வரல்ல. கேம்ல கட்டளை அடிக்கிற கொன்சோலத் திறந்து, ஃபிரேம் எல்லையை மாத்துற கொம்_மேக்ஸ்எஃப்பிஎஸ் 125 எண்டு அடிச்சு ஒருக்காப் பாய்ஞ்சு பாருங்க. கேம் வந்தபடியே இருக்கிற 85-ல கால் தட்டுற மதில்ல, 125-ல ஏறி நிப்பீங்க.

கல்லடி_ஸ்னைப்பர்:
எழுதினது நான்தான் காக்கா, பேரைச் சொல்லியே கதைங்க. மொனிட்டர் செக்கனுக்கு 60 தரம்தான் படத்தை மாத்தும். மிச்சம் 65 ஃபிரேம் எங்க போகுது? வாவிக்கயா?

அக்கரைப்பற்று_காக்கா:
நான் கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லல்ல, பாய்ச்சலைச் சொல்றன்! இந்தக் கேமிட எஞ்சின், அதாவது உள்ளுக்க ஓட்டுற புரோகிராம், குவேக் 3 எண்ட பழைய கேமிட வழியில வந்தது. குவேக்ட சோர்ஸ் கோட் 2005-லயே வெளிய வந்திட்டு, போய்ப் பாருங்க. கேமுக்குள்ள ஈர்ப்பு செக்கனுக்கு 800. 125-ல ஒரு ஃபிரேம் 8 மில்லிசெக்கன். ரெண்டையும் பெருக்கினா ஒரு ஃபிரேமுக்கு 6.4. எஞ்சின் அதை முழு எண்ணாக்கி 6 எண்டு எடுக்கும். அப்ப செக்கனுக்கு 750 தான் கீழ இழுக்கும். 85 போட்டா ஃபிரேம் 11 மில்லிசெக்கன், 8.8 வந்து 9 ஆகும், 818 இழுக்கும். 333-ல 667 தான். இழுப்புக் குறையக் குறைய பாய்ச்சல் உயரும். அதாலதான் சில சேர்வர்ல 333-க்குத் தடை.

கல்லடி_ஸ்னைப்பர்:
கணக்கு வாத்தியார் வந்திட்டார். நானும் 125 போட்டுப் பாத்தன், திரை மூலையில காட்டுற ஃபிரேம் எண் 60-ஐத் தாண்டல்ல. 60 எண்டா 60 தான்.

கல்முனை_தம்பி:
அண்ணன், கிராபிக்ஸ் செட்டிங்ல ஃபிரேமை மொனிட்டர் வேகத்தோட கட்டிவைக்கிற "சிங்க் எவ்ரி ஃபிரேம்" யெஸ்ல கிடக்கா? கிடந்தா என்ன போட்டாலும் 60-லதான் நிக்கும். மவுஸும் பிந்தி வரும். நோ ஆக்குங்க.

கல்லடி_ஸ்னைப்பர்:
அதை நோ ஆக்கினா படம் நடுவால கிழியும். எனக்குப் படம் வடிவா இருக்கோணும்.

அக்கரைப்பற்று_காக்கா:
பாத்தீங்களா! 125-ஐ ஒரு நாளும் ஓட்டிப் பாக்காத மனிசன் 125 பந்தா எண்டு எழுதியிருக்கார்!

காத்தான்குடி_பழசு:
என்ட பழைய மெசின்ல புகைக்குண்டு போட்டா 40-க்கு விழும். நிழலை நிப்பாட்டி, ரெசொலூசன் 800க்கு 600 ஆக்கின பிறகுதான் 125 அசையாம நிண்டிச்சு. கேசைக் கழட்டிப் பாத்தா ஃபேனுக்க தூசி கட்டிப் போய், ஸ்க்ரூ எல்லாம் உப்புக் காத்துல துரு. முதல்ல அதைத் துடைங்க.

கல்லடி_ஸ்னைப்பர்:
நிழலை நிப்பாட்டி விளையாடுறவன் எல்லாம் விளையாட்டுக்காரனா?

காத்தான்குடி_பழசு:
நிழலை நிப்பாட்டினா மூலைக்கங்கால வாறவன்ட நிழல் எனக்குத்தானே தெரியாது. நட்டம் எனக்கு, உங்களுக்கு என்ன கோவம்?

அக்கரைப்பற்று_காக்கா:
கோவம் வேற. கல்முனையில லேன் போட்டு விளையாடின அண்டைக்கு அந்த மதில்ல ஏறி நிண்டு அவரை ஏழு தரம் சுட்டன். எப்பிடி ஏறினன்? 125.

கல்லடி_ஸ்னைப்பர்:
அண்டைக்கு எனக்குத் தந்த மவுஸ்ட இடது பட்டன் வேலை செய்யல்ல. எல்லாருக்கும் தெரியும்.

கல்முனை_தம்பி:
அது என்ட மவுஸ் அண்ணன். நல்லாத்தான் இருந்திச்சு. நீங்க மேசையில அடிச்ச பிறகுதான் பழுது. அந்தக் காசு இன்னும் வரல்ல.

கல்லடி_ஸ்னைப்பர்:
மவுஸ் கதைய இங்க கொண்டுவர வேணாம். மொனிட்டர் 60.

அக்கரைப்பற்று_காக்கா:
125. ஞாயிற்றுக்கிழமை வாங்க, அதே மதிலடியில.