கராச்சி – தோர்காம் என்-5: இனியும் பணம் போட வேண்டுமா?

மைல்கல்:
பாகிஸ்தானின் என்-5, கராச்சித் துறைமுகத்திலிருந்து ஆப்கன் எல்லையிலுள்ள தோர்காம் வரை 1,819 கி.மீ. அந்நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை. அதில் இனிப் பணம் போடுவது வீண் என்பது என் கட்சி. 1997-ல் லாகூர்–இஸ்லாமாபாத் எம்-2, 2019-ல் சுக்கூர்–முல்தான் எம்-5 என மோட்டார்வேக்கள், அதாவது வேக வாகனங்களுக்கான தனி விரைவுச் சாலைகள், வந்துவிட்டன. ஹைதராபாத்–சுக்கூர் எம்-6 மட்டும்தான் பாக்கி. அந்த ஓட்டையால்தான் வடக்கே போகும் லாரிகள் இன்னும் என்-5-ல் இறங்கித் திணறுகின்றன.

அச்சாணி:
மோட்டார்வேயில் மோட்டார் சைக்கிளுக்கே அனுமதி கிடையாது, டிராக்டருக்குச் சொல்லவே வேண்டாம். சிந்து மாகாணத்தில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் எந்த வழியாக ஆலைக்குப் போகும்? லாகூரிலிருந்து பெஷாவர் வரை என்-5 என்பது 16-ஆம் நூற்றாண்டு மன்னர் ஷேர் ஷா சூரி காலத்து ஜி.டி. ரோடு (கிராண்ட் டிரங்க் ரோடு) தான். குஜ்ரன்வாலா, ஜீலம், நௌஷேரா எல்லாம் அதை ஒட்டி வாழும் ஊர்கள். அவர்களுக்கு மோட்டார்வே இருந்தும் இல்லாத மாதிரி.

மைல்கல்:
டிராக்டரும் கன்டெய்னர் லாரியும் ஒரே சாலையில் போவதுதானே ஆபத்து? லாரியைப் பிரித்து விடுங்கள் என்கிறேன்.

அச்சாணி:
பிரியுமா? சுங்கம் அதிகம் என்றால் பழைய சாலைக்கே திரும்பிவிடும்.

பாரவண்டி:
இரண்டு பேரும் பாரத்தை மறந்துவிட்டீர்களே. அச்சுப் பாரம், அதாவது லாரியின் ஒரு சக்கர அச்சு தாங்கும் எடை, இரண்டு மடங்கானால் சாலைத் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்காகும். 2000-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தில் அதற்கு வரம்பு இருக்கிறது. துறைமுக வாசலிலேயே எடை போட்டுத் தடுக்காவிட்டால் எம்-6 போட்டாலும் பள்ளம்தான். அப்புறம் தோர்காம். 2025 பிப்ரவரி–மார்ச்சில் கிட்டத்தட்ட நான்கு வாரம் மூடிக் கிடந்தது. வழியில் மிச்சம் பிடித்த மணி நேரத்தை எல்லை வாசலில் தொலைப்பதற்கா சாலை?

மைல்கல்:
எல்லைக் கதையை விடுங்கள். கராச்சிச் சரக்கில் பெரும்பகுதி பஞ்சாபிலேயே இறங்கிவிடும். வரம்பைக் கண்டிப்பாக்கினால் லாரி வாடகை ஏறும், சிமென்ட் விலையும் ஏறும். ஆலை முதலாளிகள் சும்மா இருப்பார்களா?

பாரவண்டி:
இப்போது மட்டும் அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? பள்ளத்தை அடைக்கும் வரிப்பணத்தில் மக்கள்தான் கட்டுகிறார்கள்.

மைல்கல்:
சரி, எடைமேடை வைக்கட்டும். எம்-6 வேண்டாம் என்பதற்கு இன்னும் யாரும் காரணம் சொல்லவில்லை.

அச்சாணி:
வேண்டாம் என்று யார் சொன்னது? என்-5-ல் போடும் பணம் வீண் என்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவு சண்டை.