ஒரே போனில் 2 கூகுள் கணக்கு, எண்கள் இரண்டிரண்டாக வருகின்றன

கேள்வி (பட்டர்வொர்த்):
வேலைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒன்று, இரண்டும் ஒரே ஆண்ட்ராய்டு போனில். ஒரே ஆளின் எண் இரண்டு தடவை வருகிறது, சில எண்கள் கணினியில் பார்த்தால் இல்லவே இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் போடுகிறோம், உதவிக்கு வருபவர்களின் எண்ணெல்லாம் இதில்தான் இருக்கிறது. காலண்டரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
கணினியில் இல்லாதவை போனிலோ சிம்மிலோ மட்டும் சேமித்தவையாக இருக்கும் அண்ணே, அவை எந்தக் கணக்கோடும் ஒத்திசையாது, போன் தொலைந்தால் எண்ணும் போய்விடும். கூகுள் காண்டாக்ட்ஸ் செயலியில் அவற்றைக் கணக்குக்கு நகர்த்துங்கள், அப்புறம் புது எண்கள் எந்தக் கணக்கில் சேரவேண்டும் என்பதையும் அமைப்புகளில் தேர்ந்தெடுங்கள், இதை விட்டால் மறுபடி சிதறும். இரட்டைப் பதிவுகளை இணைப்பதைக் கடைசியில் செய்யுங்கள், அது அந்தந்தக் கணக்குக்குள்தான் நடக்கும். ஏதாவது தவறினால் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

பதில் (ஜார்ஜ்டவுன்):
இரண்டு கணக்கும் போனில் இருந்தாலே கூகுள் காலண்டரில் சேர்ந்து தெரியும். பந்தல் வேலைக்குக் கணினியில் தனிக் காலண்டர் உருவாக்கி எல்லாருடனும் பகிருங்கள், வேலைக் கணக்கில் வேண்டாம், நிறுவனம் மாறினால் எல்லாமே போய்விடும்.