புதுப்பிப்பு: கடலூர் ஃபிரேம் ரிலே இணைப்பில் பாக்கெட் இழப்பு தீர்ந்தது

எங்கள் அலுவலகங்களை இணைப்பது ஃபிரேம் ரிலே (தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு வழியே டேட்டா அனுப்பும் பழைய முறை). புதுச்சேரி தலைமை அலுவலகத்தில் போர்ட் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் (எம்பி), கடலூர் கிளையில் 64 கிலோபிட் (கேபி)தான். புதுச்சேரியிலிருந்து பெரிய ஃபைல் அனுப்பினால் பாக்கெட்டுகள் (டேட்டா துண்டுகள்) வழியில் தொலைந்து, கிளையில் பில்லிங் திரை உறைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

“கடலூரை விடுங்கள், அனுப்பும் பக்கம் ஷேப்பிங் போடுங்கள்”, அதாவது கடலூர் தாங்கும் வேகத்திலேயே அனுப்புங்கள், என்ற யோசனைதான் பலித்தது. புதுச்சேரி ரவுட்டரில் சிஐஆர் (நொடிக்கு அனுப்பும் பிட்) 64000, பிசி (ஒரு தவணைக்கான பிட்) 8000, பிஇ (அதற்கு மேல் அனுமதிக்கும் கூடுதல் பிட்) 0 என்று மேப் கிளாஸ் (செட்டிங் தொகுப்பு) எழுதி, கடலூர் பிவிசியில் (அந்தக் கிளைக்கான நிரந்தர மெய்நிகர் இணைப்பு) மாட்டினேன். இனி 125 மில்லி செகண்டுக்கு 8000 பிட்தான் போகும். பெகனை (நெரிசல் என்று வலையமைப்பு அனுப்புபவருக்குத் தரும் எச்சரிக்கை) மட்டும் நம்பியது போதவில்லை. நெரிசல் வந்த பிறகுதானே அது வரும்.

எதிர்பாராத ஒன்று: எல்லா பிவிசிக்கும் பொதுவான ரவுட்டர் இன்டர்ஃபேஸில் ஷேப்பிங்கை இயக்கியதும், கிளாஸ் மாட்டாத விழுப்புரம் பிவிசி 56 கேபிக்கு இறங்கிவிட்டது. டிஃபால்ட் அதுதான். அதற்கும் 256 கேபிக்குத் தனி கிளாஸ் மாட்டியதும் சரியானது.

நேற்று சாயங்காலம் கடலூரிலிருந்து போன்: “அண்ணே, ஃபைலும் வருது, பில்லும் அடிக்குது.”