ஓட்டத்தில் எது மேல் என்று எப்படி எழுதுவது?

கேள்வி: நடுவர் பயிற்சியில் இரண்டு குதிரைகளை ஒப்பிட்டு, “இது அழகாக நடக்கிறது” என்று எழுதினேன். மதிப்பெண் போச்சு. வேறு எப்படித்தான் எழுதுவது?

பதில்: அழகை விடுங்கள், கண்ணில் பட்டதை எழுதுங்கள். ஒரு சுற்று அடிவைப்பில் கேட்கும் குளம்புச் சத்தம்தான் தாளம்: நடையில் 4, டிராட்டில் (குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும் மிதமான ஓட்டத்தில்) 2. அது சீராக இருக்கிறதா? நடையில் பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, எட்டவே இல்லையா? மணலில் தடம் பார்த்தாலே தெரியும். நானும் முதல் வருடம் முழுக்க முன்னங்கால்களையே பார்த்து ஏமாந்தவன். உயரத் தூக்கும் கால் கண்ணைப் பறிக்கும். உந்தித் தள்ளுவதோ பின்னங்கால்.

இன்னொருவர்: நேர் எதிரே நின்றும் பாருங்கள். குளம்பு உள்ளே வளைந்து வந்தால் மறுகாலில் இடிக்கும்.

கேட்டவர்: சரி, “முதலாவது இரண்டாவதைவிட நீண்ட அடி வைக்கிறது, பின்குளம்பு முன்தடத்தைத் தாண்டுகிறது.” இப்படியா?

பதில்: அதேதான். அப்புறம், இரண்டாவதிடம் நல்லது இருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள்.